நீண்ட படிவமும் தாவல் பக்கங்களும்

பள்ளியில் சேரும்போதும், குடும்ப அட்டை பெறும்போதும், வங்கியில் கணக்குத் தொடங்கும்போதும் நாம் படிவங்களை நிரப்புகிறோம். முன்பு தாளில் இருந்த படிவங்களுள் பல இன்று கணினித் திரைக்கு வந்துவிட்டன. நான்கைந்து கட்டங்கள் மட்டுமே உள்ள படிவமாயின் அதை ஒரே பக்கத்தில் அமைத்துவிடலாம். ஐம்பது, அறுபது கட்டங்கள் இருந்தால் என்ன செய்வது? அவற்றைச் சில பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவையும் ஒரு தாவலின் கீழ் அடுக்குவது ஒரு வழி. ஆங்கிலத்தில் டேப் என்று வழங்கும் இத்தாவல், அலுவலகக் கோப்பில் தாள்களுக்கு இடையே ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்ச்சீட்டைப் போன்றது. எந்தச் சீட்டைத் தொடுகிறோமோ அந்தத் தாள் மேலே வருகிறது. மற்றவை மறைந்து நிற்கின்றன.

மறைந்து நிற்பதில்தான் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இவ்விரண்டையும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

உண்மையான ஒரு படிவம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே எழும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகும். இங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்களைப்போல் தலைமுறை தலைமுறையாக வனநிலத்தில் குடியிருந்தும் பயிரிட்டும் வருவோரின் உரிமையை ஏற்பதற்காக 2006ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து நிலம் ஒருவருடைய அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும்; 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை வழங்கப்படும் என்பவை இச்சட்டத்தின் முக்கிய நிபந்தனைகள்.

இச்சட்டத்தின் விதிகளில், தனிப்பட்ட நில உரிமை கோருவோருக்காகப் ‘படிவம் ஏ’ தரப்பட்டுள்ளது. அதன் முதற்பகுதியில் 10 இனங்கள் உள்ளன: கோருபவர் பெயர், வாழ்க்கைத்துணையின் பெயர், தாய் தந்தையர் பெயர், முகவரி, கிராமம், ஊராட்சி, வட்டம், மாவட்டம், இனப்பிரிவு, குடும்பத்தினர் விவரம். இரண்டாம் பகுதியில் நிலத்தைப் பற்றிய 9 இனங்கள் உள்ளன. குடியிருப்புக்கு எவ்வளவு நிலம், சாகுபடிக்கு எவ்வளவு, தகராறு உண்டா, முன்பு பட்டாவோ குத்தகையோ உண்டா, சான்றுகள் எவை என்று அவை விரிகின்றன. தாளில் 19 இனங்கள்தாம்; திரையில் அவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக்கினால், ஒரு பெரிய குடும்பத்துக்கு ஐம்பதைத் தாண்டிவிடும்.

வன உரிமைக் குழுவுக்கு உதவும் ஒரு மாணவர் இதைத் திரையில் அமைக்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி கோரிக்கை கிராம சபையின் முன்தான் வைக்கப்பட வேண்டும். திரைப்படிவம், அந்தத் தாளைத் தவறின்றி ஆயத்தம் செய்ய உதவும் கருவி மட்டுமே. ஆயினும், இதில் ஒரு கட்டம் தொலைந்தால் தொலைவது வெறும் எழுத்தன்று. ஒரு குடும்பத்தின் நிலக் கோரிக்கையே வலுவிழக்கலாம்.

பிரிப்பது எவ்வாறு?

கட்டங்களின் எண்ணிக்கையைத் தாவல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பிரித்தல் தவறு. நிரப்புபவரின் மனத்தில் எவை ஒன்றாக நினைவுக்கு வருகின்றனவோ, அவர் கையில் எவை ஒரே ஆவணத்தில் இருக்கின்றனவோ, அவையே ஒரு தாவலில் அமைய வேண்டும். நம் படிவத்தை இவ்வாறு ஐந்தாக வகுக்கலாம்: 1. கோருபவர், 2. குடும்பம், 3. நிலம், 4. சான்றுகள், 5. சரிபார்ப்பு.

வாழ்க்கைத்துணையின் பெயரைக் குடும்பத் தாவலுக்குத் தள்ளுவதா, முதல் தாவலிலேயே வைப்பதா? மணமானவர்களுக்கு உரிமை இருவர் பெயரிலும் கூட்டாகவே பதிவு செய்யப்படும் என்று சட்டம் கூறுகிறது. ஆகவே துணைவரும் உரிமையாளரே. அவர் பெயர் முதல் தாவலில்தான் இருக்க வேண்டும். படிவத்தை அமைப்பவர் சட்டத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சில கேள்விகள் எல்லாருக்கும் உரியவை அல்ல. பழங்குடியினர் என்று குறிப்பவர் இனச் சான்றிதழைக் காட்டினால் போதும். பிற பாரம்பரிய வனவாசிகளோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்ததற்குச் சான்று தர வேண்டும். முதல் தாவலில் தரும் விடையைப் பொறுத்து நான்காம் தாவலின் கேள்விகள் மாறுமாறு செய்தால், வேண்டாத கட்டங்களைப் பார்த்து ஒருவர் மருள வேண்டியதில்லை.

திரைக்குப் பின்னால்

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994இல் தம் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிய சிறு நிரல்களிலிருந்து பி.எச்.பி. வளர்ந்தது. 1995இல் அதைப் பிறருக்கும் வெளியிட்டார். அதன் தொடக்ககாலப் பதிப்புக்கு ‘பர்சனல் ஹோம் பேஜ் – ஃபார்ம்ஸ் இன்டர்ப்ரெட்டர்’ என்று பெயர். ஃபார்ம்ஸ் என்றால் படிவங்கள். படிவத்தில் எழுதியதை வாங்கிப் பொருள் அறிவது இம்மொழியின் பிறவிப் பணி எனலாம்.

நாம் பார்க்கும் திரையை ஆள்வது உலாவி. தொலைவில் இருக்கும் வழங்கிக் கணினியில் இயங்குவது பி.எச்.பி. தாவலை மாற்றும் வேலை பெரும்பாலும் உலாவியிலேயே முடிந்துவிடும். எந்தத் தாவல் இப்போது மேலே நிற்கிறது என்பது பி.எச்.பி.க்குத் தெரியாது. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திய பின்பு வந்து சேரும் ‘உறை’ ஒன்றே அதற்குத் தெரியும். அந்த உறையை இரண்டு வகையில் அனுப்பலாம்.

முதல் வகை, ஐந்து தாவல்களையும் ஒரே படிவத்துக்குள் அடக்கி, கடைசியில் ஒரே உறையாக அனுப்புவது. பார்வைக்கு மறைக்கப்பட்ட கட்டங்களும் உறையில் சேர்ந்தே போகும். அமைப்பதும் எளிது. ஆனால் நான்காம் தாவலில் இருக்கும்போது மின்சாரமோ அலைபேசித் தொடர்போ அற்றுப்போனால் அதுவரை எழுதியவை அனைத்தும் வீணாகலாம். மலை ஊர்களில் அலைபேசித் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பது புதிதன்று.

இரண்டாம் வகை, ஒவ்வொரு தாவலையும் முடித்தவுடன் தனி உறையாக அனுப்புவது. இங்கே வேறொரு சிக்கல் எழுகிறது. இணையத்தில் ஒவ்வொரு வேண்டுகோளும் புதியது. முதல் உறையை அனுப்பியவரும் இரண்டாம் உறையை அனுப்பியவரும் ஒருவரே என்பதை வழங்கி தானாக அறியாது. இதற்காகப் பி.எச்.பி. ஓர் அடையாள எண்ணை உலாவியிடம் கொடுத்துவைக்கிறது. அந்த எண்ணின் பெயரில் தகவலைத் தன்னிடம் தற்காலிகமாகச் சேமிக்கிறது. இதற்கு அமர்வு என்று பெயர்.

தற்காலிகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மாற்றம் எதுவும் செய்யாவிட்டால், 1440 விநாடிகள், அதாவது 24 நிமிடங்கள், தொடப்படாமல் கிடக்கும் அமர்வைப் பி.எச்.பி. குப்பையாகக் கருதி நீக்கிவிடலாம். இனச் சான்றிதழை எடுக்க வீட்டுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் 24 நிமிடங்கள் ஓடிவிடும். எனவே நீண்ட படிவத்தின் விடைகளை அமர்வில் மட்டும் வைப்பது மணலில் எழுதுவது போன்றது. ஒவ்வொரு தாவலும் முடிந்தவுடன் விடைகளைத் தரவுத்தளத்தில் ‘வரைவு’ என்று பதித்து, நிரப்புபவருக்கு ஒரு வரைவு எண்ணையும் கடவுச்சொல்லையும் தர வேண்டும். அவர் மறுநாள் வந்தாலும், மறுவாரம் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வரைவைப் பதிக்கும்போது எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது. அரைகுறையாக இருப்பதுதான் வரைவு. கண்டிப்பான சோதனை ஐந்தாம் தாவலுக்கு உரியது.

மறைந்த தாவலில் பிழை

முதல் வகைப்படி அமைத்த படிவத்தில் அடிக்கடி நேரும் ஒரு கோளாறு உண்டு. ஒரு கட்டத்தைக் ‘கட்டாயம்’ என்று குறித்துவிட்டால், அது வெறுமையாய் இருக்கும்போது உலாவியே படிவத்தைத் தடுத்து நிறுத்தி அக்கட்டத்தைச் சுட்டிக்காட்டும். ஆனால் அக்கட்டம் மறைந்த தாவலில் இருந்தால்? சுட்டிக்காட்ட இடமில்லை. படிவமும் நகராது, செய்தியும் தோன்றாது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடவாது. நிரப்புபவர் கணினி கெட்டுவிட்டது என்று எண்ணி எழுந்து போய்விடுவார்.

இதற்குத் தீர்வு, சோதனையை வழங்கியில் பி.எச்.பி.யைக் கொண்டு செய்வதே. உலாவியின் சோதனை நிரப்புபவருக்கு ஒரு வசதி. இறுதித் தீர்ப்பு எப்போதும் வழங்கியுடையதாக இருக்க வேண்டும். எந்தக் கட்டம் எந்தத் தாவலைச் சேர்ந்தது என்று ஒரு பட்டியலை நிரலில் வைத்துக்கொண்டால், பிழை கண்டவுடன் மூன்று செயல்களைச் செய்யலாம். முதலாவது, பிழையுள்ள முதல் தாவலைத் தானே மேலே கொண்டுவருதல். இரண்டாவது, ஒவ்வொரு தாவலின் பெயருக்கு அருகிலும் அதிலுள்ள பிழைகளின் எண்ணிக்கையைக் காட்டுதல். மூன்றாவது, சரியாக எழுதியவற்றை அழிக்காமல் மீண்டும் கட்டங்களில் நிரப்பித் தருதல். ‘நிலம் – 2 பிழை’ என்று கண்டால் எங்கே போக வேண்டும் என்பது யாருக்கும் விளங்கும்.

சத்தமின்றித் தொலைபவை

பிழைச் செய்தி தராமலே தகவல் நழுவும் இடங்கள் மூன்றை அறிந்திருப்பது நல்லது.

ஒன்று, டிக் குறியிடும் கட்டம். குறியிடாத கட்டம் ‘இல்லை’ என்ற விடையை அனுப்புவதில்லை, எதையுமே அனுப்புவதில்லை. ‘நிலத்தில் தகராறு உண்டா?’ என்பதற்கு ‘இல்லை’ என்றவரும் கேள்வியையே பாராதவரும் ஒன்றாகிவிடுவர். இத்தகைய கேள்விக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டு வட்டங்களைத் தந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் செய்ய வேண்டும்.

இரண்டு, எண்ணிக்கை வரம்பு. குடும்பத்தினர் பலரின் பெயர்களை வாங்க, கட்டத்தின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி இட்டால் போதும், பி.எச்.பி. அவற்றை ஒரு பட்டியலாக அடுக்கிக்கொள்ளும். ஆனால் இயல்பான அமைப்பில் அது ஓர் உறையிலிருந்து 1000 விடைகளைத்தான் ஏற்கும். தனிக் குடும்பத்துக்கு இது தாராளம். சமூக வன வளத்துக்கான ‘படிவம் சி’யிலோ கிராம சபை உறுப்பினர் அனைவரின் பெயரும் பிரிவும் கேட்கப்படுகின்றன. 600 உறுப்பினர்களுக்கு 1200 விடைகள். ஏறத்தாழ 500 பேருக்குப் பின்னுள்ளோர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவர். எச்சரிக்கை வழங்கியின் குறிப்பேட்டில் பதியலாம். திரையில் இருப்பவர் அதைக் காணமாட்டார். பட்டியலை ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்து அனுப்புவதும், வந்து சேர்ந்தோரின் எண்ணிக்கையைத் திரையில் காட்டுவதும் இதற்கு மருந்து.

மூன்று, படங்களின் அளவு. சான்றிதழை அலைபேசியில் படமெடுத்தால் அது 3, 4 மெகாபைட் இருப்பது சாதாரணம். இயல்பான அமைப்பில் பி.எச்.பி. ஒரு கோப்புக்கு 2 மெகாபைட்டும், முழு உறைக்கு 8 மெகாபைட்டும் அனுமதிக்கிறது. கோப்பு பெரிதானால் அது மட்டும் தள்ளப்படும். முழு உறையும் வரம்பு மீறினாலோ, தட்டச்சு செய்த விடைகளும் சேர்ந்து நிரலுக்கு வெறும் உறையாகவே தோன்றும். உரிமைக் கோரிக்கைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் வேண்டும் என்பது விதி. எனவே சான்றுகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஏற்றச் செய்வதே பாதுகாப்பு.

மாவட்டத்தின் பெயர் என்ன?

மாவட்டப் பெயரை ஒரு பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கச் செய்வது வழக்கம். கல்வராயன் மலையில் அது போதாது. தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலை இருந்த இடத்திலேயே இருக்க, ஒரே குடும்பத்தின் மூன்று ஆவணங்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கக்கூடும். பழங்குடியினர் பட்டியலிலும் மலையாளி இனம், தென்னார்க்காடு, சேலம் முதலிய பழைய மாவட்டப் பெயர்களுடனேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆதலால் ‘இன்றைய மாவட்டம்’ என்று ஒரு கட்டமும், சான்றுத் தாவலில் ‘ஆவணத்தில் உள்ளபடி மாவட்டம்’ என்று மற்றொரு கட்டமும் வேண்டும். இல்லையேல் உண்மையான ஆவணத்தை நிரல் பிழை என்று தள்ளிவிடும்.

தமிழ்ப் பெயர்களின் நீளத்திலும் கவனம் தேவை. ‘வெள்ளிமலை’ என்பதில் நம் கண்ணுக்கு 5 எழுத்துகள். யூனிகோடு முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனியாக எண்ணப்படுவதால் 9 குறியீடுகள். அவை சேமிக்கப்படும்போது 27 பைட்டுகள். பி.எச்.பி.யின் சாதாரண நீள அளவீடு பைட்டுகளையே எண்ணும். பெயருக்கு 30 என்று வரம்பு வைத்தால் ஆங்கிலத்தில் முழுப் பெயரும் அடங்கும். தமிழில் வெள்ளிமலையோடு நின்றுவிடும்.

செய்து பாருங்கள்

மாணவர்களே, கணினியைத் தொடும் முன்பு ஒரு தாள் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனித் துண்டாக வெட்டுங்கள். படிவத்தை நிரப்பப்போகும் ஒருவரிடம் துண்டுகளைக் கொடுத்து, எவை எவை ஒன்றுசேர வேண்டும் என்று அவரையே அடுக்கச் சொல்லுங்கள். அவர் அடுக்கும் குவியல்களே உங்கள் தாவல்கள். பின்னர் நிரலை எழுதி, வேண்டுமென்றே இடையூறு செய்யுங்கள்: பாதியில் இணையத்தைத் துண்டியுங்கள், அரைமணி நேரம் கழித்துத் தொடருங்கள், இரண்டாம் தாவலில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு ஐந்தாம் தாவலில் சமர்ப்பியுங்கள், பெரிய படம் ஒன்றை ஏற்றுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் எழுதியவை அழியாமல் இருந்தால் உங்கள் படிவம் பயன்பாட்டுக்குத் தகுதி பெற்றது என்று கொள்ளலாம்.

தாவல்கள் கண்ணின் சுமையைக் குறைக்கின்றன. படிவத்தின் பொறுப்பைக் குறைப்பதில்லை. நிரப்புபவரின் பார்வையிலிருந்து மறைந்த ஒவ்வொரு கட்டத்தையும் நிரல் எழுதுபவர் தம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.