புனைகதைகளில் வயிற்றுக் காயம்

புனைகதைகளில் வயிற்றுக் காயம் என்பது கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, விபத்து போன்றவற்றால் கதைமாந்தர் ஒருவருக்கு வயிற்றில் ஏற்படும் காயத்தையும், அது ஆறும் விதத்தையும் சித்தரிப்பதாகும். கதைகளில் குத்துப்பட்டவர் பெரும்பாலும் உடனே இறந்துவிடுகிறார். இல்லையேல் மறுவாரமே சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார். இரண்டிலும் விடுபடுவது காலம்.

கல்லீரல், மண்ணீரல், பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவை கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியே சிறு காயம் மட்டுமே தெரியலாம். முகம் வெளிறி, உடல் வியர்த்து, நாடித்துடிப்பு விரைவாகும். மண்ணீரல் கிழிந்தவருக்கு இடது தோளில் வலிப்பதும் உண்டு. குடல் கிழிந்தால் நிலைமை வேறு. உள்ளிருப்பவை கசிந்து, வயிற்றின் உள்ளுறை அழற்சியடைந்து, வயிறு பலகைபோல இறுகும். அசைந்தால் வலி கூடும் என்பதால் நோயாளி திரைப்படங்களில் வருவதுபோலப் புரண்டு துடிக்க மாட்டார்; அசையாமல் படுத்திருப்பார். செருகிய கத்தியைக் கதாநாயகன் பிடுங்கி எறிவதும் தவறான சித்தரிப்பே. இரத்தப்போக்கை அந்தக் கத்தியே அடைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரில் சுடப்பட்டார். இரைப்பையின் இரு சுவர்களையும் குண்டு துளைத்தது. மருத்துவர்கள் துளைகளைத் தைத்தனர், குண்டு அகப்படவில்லை. அடுத்த சில நாள்கள் அவர் தேறிவருவதாகவே அறிக்கைகள் வெளியாயின. துணைத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கவலையின்றி மலைப்பகுதிக்கு ஓய்வெடுக்கச் சென்றார். 12ஆம் நாள் நோயாளிக்கு ரொட்டியும் காப்பியும் கொடுக்கப்பட்டன. அன்றே நிலை மோசமடைந்து, 14ஆம் நாள் இறந்தார். குண்டு சென்ற வழியில் திசுக்கள் அழுகியிருந்தன. எந்தக் கதாசிரியரும் எளிதில் கற்பனை செய்யாத திருப்பம் இது.

பிழைத்தவரின் கதையும் நீண்டதே. 1981 மே 13 அன்று சுடப்பட்ட திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்கு ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக அறுவை சிகிச்சை நடந்தது. குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகத் திறப்பு அமைக்கப்பட்டது. ஜூன் 3 அன்று வீடு திரும்பியவர், காய்ச்சலால் அதே மாதம் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். திறப்பை மூட ஆகஸ்ட் 5 அன்று மற்றோர் அறுவை தேவைப்பட்டது.

கதைகளில் அரிதாகவே வரும் சிறு செய்திகளும் உள. அறுவைக்குப் பின் குடல் சில நாள் இயங்காது, எனவே செவிலியர் முதலில் கேட்பது, "வாயு பிரிந்ததா?" என்பதே. இருமும்போது தையல் வலிக்காதிருக்கத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது.