விளம்பரமும் குடியானவரும்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் உள்ள உரக்கடைகளில் சிறிது நேரம் நின்று கவனிப்போருக்கு ஒரு விஷயம் விளங்கும். தாம் ஒருமுறையேனும் உபயோகித்துப் பார்த்திராத ஒரு பயிர் டானிக்கின் பெயரை, வெகுநாள் பழகியவர்போல் சொல்லி வாங்கிச் செல்லும் குடியானவர்கள் பலர். அப்பெயரை அவர்களுக்குச் சொன்னவர் யார் என்று விசாரித்தால், குறிப்பிட்ட ஒருவர் இரார். சாலையோரச் சுவரிலும், பஸ்ஸின் பின்புறத்திலும், இக்காலத்தில் கைபேசியிலும் பன்முறை கண்ணிற்பட்ட பெயர் அது; அவ்வளவே.

இதனை அறியாமை என்று இகழ்வது நியாயமாகாது. படித்தவர் மனமும் இவ்வாறே இயங்குகிறது. அமெரிக்க உளநூல் அறிஞர் ராபர்ட் ஸயான்ஸ் என்பார், பொருளற்ற சொற்களையும் தெரியாத எழுத்துக்களையும் பலருக்குக் காட்டிச் சோதித்து, அடிக்கடி காட்டப்பட்டவற்றையே அவர்கள் அதிகம் விரும்பினர் என்று 1968-ல் வெளியிட்டார். 1977-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், இரண்டு வார இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியங்களை, அவை பொய்யாயினும், மக்கள் மெய்யென நம்பத் தலைப்பட்டமை காணப்பட்டது. பழகிய பெயர் நம்பத்தக்க பெயராகத் தோன்றுவது மனித இயல்பு. விளம்பரக்காரர் பணம் செலவிடுவது இந்த இயல்பின் மீதே.

திரும்பத் திரும்பச் சொல்வதன் பலத்தை நம் காவிரிப் பிரதேசத்தைப்போல் நன்மையாகக் கண்ட இடம் வேறு அரிது. அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-ல் ஏற்பட்டது. 1966-ல் அங்கே பண்ணை இல்லப் பிரிவு தொடங்கப்பெற்று, உழவர்க்கான நிகழ்ச்சிகள் நாள்தோறும் ஒலிபரப்பாயின. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 என்னும் குறுவை நெல் வெளிவந்திருந்தது. நம் நாட்டு ஜி.இ.பி. 24-ஐயும் ஜப்பானிய நோரின் 10-ஐயும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய அந்நெல் ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வரும். அதன் பெயர், விதையளவு, நாற்றின் வயது, உரமிடும் தருணம் ஆகியவை வானொலியில் இடைவிடாது கூறப்பட்டன. தஞ்சை ஜில்லாக் குடியானவர்கள் எண்ணை மறந்து "ரேடியோ நெல்" என்றே விதை கேட்கலாயினர். ஆராய்ச்சியாளர் இட்ட பெயர் போய், கேட்ட கருவியின் பெயரே நெல்லுக்கு நின்றுவிட்டது!

ஆனால் ஒலிபரப்பினால் மட்டுமே அந்நெல் பரவிற்று என்று எண்ணலாகாது. 1922 முதல் நடந்துவந்த ஆடுதுறைப் பண்ணையின் சோதனைகள் அதன் பின்னணியில் இருந்தன. 1960-ல் தஞ்சையில் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்தின் மூலம் விதையும் உரமும் கடனும் கிடைக்க வழி ஏற்பட்டிருந்தது. காதில் கேட்டதை வயலில் சென்று பார்க்க முடிந்தது. சுவரில் எழுதிய விளம்பரத்திற்கு இவ்வாறான வயல் எங்கே என்று கேட்பதே குடியானவர் முதலில் செய்யவேண்டிய காரியம்.

பயிர் ஊக்கிகள் எனப்படுபவை நீண்ட காலம் தனிச் சட்டக் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டு, 2021-ல்தான் உரக்கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. "மகசூல் இரட்டிப்பு" என்று புட்டியின்மேல் அச்சிடுவதற்கு மை மட்டும் போதும். வாழை பயிரிடும் ஸ்ரீரங்கம் பகுதி மிராசுதார், இருபது மரங்களுக்கு அடையாளமிட்டு, அவற்றுக்கு மட்டும் மருந்து தெளித்து, பக்கத்திலுள்ள வேறு இருபதை வழக்கம்போல் விட்டுவிடலாம். நீரும் உரமும் இரண்டிற்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தார் வெட்டும்போது தனித்தனியே நிறுத்து, கூடுதல் எடைக்குக் கிடைக்கும் விலையையும் மருந்து, கூலி ஆகியவற்றின் செலவையும் ஒப்பிட்டால் கணக்கு வெளியாகும். நெல்லுக்குப் பத்து சென்ட் வீதம் இரண்டு பாத்திகள் போதும். புட்டியின் பெயர் தெரியாத ஆள் ஒருவரைக் கொண்டு நிறுக்கச் செய்வது நலம். பெயரில் நம்பிக்கை வைத்தவர் கையில் தராசும் சற்றுச் சாயக்கூடும்.

விதை விஷயத்தில் சோதிக்கப் பருவம் காத்திராது. ஆகையால் பையின்மேல் தைத்துள்ள அட்டையைப் பார்க்கவேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் முளைக்கவேண்டும் என்பது விதி. விதைப்பதற்கு முன் நூறு மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கடைப் பட்டியல், அட்டை, பை, ஒரு பிடி விதை ஆகியவற்றை அறுவடை வரை பத்திரப்படுத்தும்படி கிராம அதிகாரிகள் தம் ஊரார்க்குச் சொல்லிவைத்தல் நலம். பயிர் தவறிய பின் விதை ஆய்வாளரிடம் முறையிடச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுபவை அவையே.