குழாய்க் கணக்கும் கம்ப்யூட்டரும்

மறுநாள் பகல் 3 மணிக்கு டெண்டர் முடிகிறது. முந்தின இரவு 10 மணி தாண்டியும் ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் விளக்கு எரிகிறது. குழாய், பெண்டு, வால்வு என்று எஸ்டிமேட் குமாஸ்தா எண்ணிக்கொண்டே இருக்கிறார். மும்பையை அடுத்த தலோஜா, துர்பே ஆலைகளில் குழாய் வேலை எடுத்துச் செய்பவர்களிடம் இது பழகிப்போன காட்சி.

முன்பு ஸ்கேலும் பென்சிலும்தான். இப்போது எக்செல் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனி மென்பொருள் உண்டு. வரைபடத்தைத் திரையில் விரித்து, குழாய் போகும் வழியை 'மவுஸ்' கொண்டு தொட்டுச் சென்றால் போதும். நீளம், எடை, வெல்டிங் இணைப்பு எல்லாம் வந்து விழும்.

40-ஆ, 80-ஆ?

கணக்கு மட்டும் பழைய கணக்குதான். குழாயின் வெளிவிட்டத்தில் கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, மீண்டும் 0.02466-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது தெரியும். 4 அங்குல இரும்புக் குழாய் 'ஷெட்யூல் 40' என்றால் மீட்டருக்கு 16.07 கிலோ. 'ஷெட்யூல் 80' என்றால் 22.32 கிலோ.

80 என்று போட வேண்டிய இடத்தில் 40 என்று தட்டிவிட்டால்? 200 மீட்டரில் 1,250 கிலோ இரும்பு கணக்கில் வராது. கிலோ 80 ரூபாய் என்று வைத்தாலும் 1 லட்சம் ரூபாய் போச்சு! கம்ப்யூட்டர் அந்தத் தவறையும் பைசா பிசகாமல் பெருக்கிக் கொடுக்கும்.

குறைந்த விலை கொடுத்தவருக்குத்தான் வேலை. ஆகவே தவறு செய்தவருக்கே வேலை கிடைத்துவிடும். அரசுத் துறை டெண்டரில் பாதியில் பின்வாங்கினால் டெபாசிட் போகும். துணிந்து செய்தாலோ, 7-ந் தேதி வர வேண்டிய கூலி 20-ந் தேதிக்குத் தள்ளிப்போகும். ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலம் போய், செல்போனில் பணம் அனுப்பும் காலத்திலும் அந்தக் காத்திருப்பு மாறவில்லை.

கூலிக் கணக்கு இன்னும் சிக்கலானது. வெல்டிங்கை 'இஞ்ச் டயா'வில் அளக்கிறார்கள். 4 அங்குலக் குழாயில் ஓர் இணைப்பு என்றால் 4 இஞ்ச் டயா. ஒருவர் ஒரு நாளில் எத்தனை முடிப்பார்? அமெரிக்க மென்பொருளில் அதற்கும் அட்டவணை இருக்கிறது. அது அவர்கள் ஊர் வேலைமுறைக்கு எழுதியது. சாரம் கட்டி, தோளில் குழாய் ஏற்றும் இடத்தில் அது எப்படிச் சரிப்படும்?

அதனால் விவரம் தெரிந்த குமாஸ்தா, விலையை அனுப்புமுன் சைட் ஃபோர்மேனுக்குப் போன் போடுவார்.

"அண்ணாச்சி, ஒரு வெல்டருக்கு நாளைக்கு எத்தனை போடலாம்?"

"தரையிலயா, மேலயா தம்பி?"

"மேல. 12 மீட்டர்."

"ரசாயன ஆலைன்னா காலையில பர்மிட்டுக்கே ரெண்டு மணி நேரம் போயிரும். மழை மாசம் வேற. பாதியாப் போட்டுக்கோ."

குமாஸ்தா பழைய எண்ணை அழித்துவிட்டு, புதிய எண்ணைத் தட்டுகிறார். மொத்தத் தொகை ஏறுகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல்.