வாப்பாவின் பழைய கார்: புதுப்பிப்பதா, இருப்பதைக் காப்பதா?

நம் ஊர்களில் சில வீடுகளின் பின்கட்டில் இன்றும் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்கிறது. பெரும்பாலும் அம்பாஸிடர் அல்லது ஃபியட். அபூர்வமாகச் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இலங்கையில் என்றால் மோரிஸ் மைனர். வாப்பாவோ பாட்டனாரோ வாங்கிய வண்டி அது. அவர்கள் மறைந்த பிறகு அதை என்ன செய்வது என்ற பேச்சு எப்போதாவது எழும். ஒரு மகன், "டிங்கரிங் பண்ணி, பெயிண்ட் அடித்து, புதுசு போல ஆக்கிவிடலாம்" என்பார். இன்னொருவர், "வாப்பா விட்டுப்போனது அப்படியே இருக்கட்டும்" என்பார். மூன்றாமவர், "இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம்" என்பார்.

பழைய வாகனங்களைப் பற்றி ஆழமாகச் சிந்திப்பவர்கள் உலகெங்கும் பல ஆண்டுகளாக விவாதித்து வரும் கேள்வி இது. அவர்கள் கண்ட முடிவுகள் நம் வீட்டு வண்டிக்கும் உதவும் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

மூன்று வேலைகள், மூன்று பெயர்கள்

மெக்கானிக் ஷெட்டில் எல்லா வேலைக்கும் "ரெடி பண்றது" என்ற ஒரே சொல்தான். உண்மையில் அதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் உள்ளன.

முதலாவது, பாதுகாத்தல். வண்டி இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்வது. துருவைத் தடுப்பது, ஈரம் படாமல் வைப்பது, ஆயில் மாற்றுவது இதில் அடங்கும். தோற்றத்தில் கை வைப்பதில்லை.

இரண்டாவது, பழுது பார்த்தல். கெட்டுப்போன பாகத்தை மட்டும் சரிசெய்வது, அல்லது அதே வகைப் பாகத்தை மாற்றுவது.

மூன்றாவது, முழுமையாகப் புதுப்பித்தல். வண்டியை நட்டு போல்ட் வரை கழற்றி, பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, புதிய பெயிண்ட், புதிய சீட், புதிய குரோமியப் பூச்சு என்று தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் போல ஆக்குவது.

1966-இல் தொடங்கப்பட்ட ஃபீவா என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பு, இந்த வேறுபாடுகளை வரையறுத்து 'டூரின் சாசனம்' என்ற ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. பழங்காலக் கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் உருவான வெனிஸ் சாசனமே அதற்கு முன்மாதிரி. அதன் அடிப்படை எளிமையானது: எவ்வளவு குறைவாகக் கை வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வையுங்கள், செய்த வேலையைப் பதிவு செய்யுங்கள், பின்னால் வருபவர் அதை மாற்றிக்கொள்ளவும் வழி விடுங்கள். நூறாண்டு பழமையான பள்ளிவாசலின் மரத்தூணுக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் நாம் சொல்லும் அறிவுரையும் இதுதான்.

உலகம் ஏன் மனம் மாறியது?

ஒரு காலத்தில் கார் கண்காட்சிகளில் கண்ணாடி போல மின்னும் வண்டிக்கே பரிசு கிடைத்தது. தொழிற்சாலை கொடுத்ததைவிடவும் அதிகமாகப் பளபளக்கும் வண்டிகள் வந்து நின்றன. பிறகு ஆர்வலர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இப்படியே எல்லா வண்டியையும் சுரண்டிப் புதிதாக்கிவிட்டால், அந்தக் காலத்தில் பெயிண்ட் எப்படி அடித்தார்கள், சீட்டை எப்படித் தைத்தார்கள் என்று பார்த்து அறிய ஒரு வண்டிகூட மிஞ்சாது. வண்டியைப் பத்து முறை புதுப்பிக்கலாம். அசலாக இருப்பது ஒரு முறைதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடக்கும் பெபிள் பீச் கண்காட்சி இத்துறையில் மிகப் புகழ்பெற்றது. 1950-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியில், புதுப்பிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்ட கார் ஒன்று முதன்முதலாக 2024-இல்தான் தலைசிறந்த கார் என்ற பரிசைப் பெற்றது. அது 1934-ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59. பந்தயத்தில் ஓடி, பின்னர் பெல்ஜியத்தின் மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த வண்டி. அதன் மீதிருந்த தழும்புகளே அதன் வரலாறு என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முன், 2014-இல் பிரான்சின் மேற்குப் பகுதிப் பண்ணை ஒன்றில் ரோஜர் பையோன் என்ற தொழிலதிபர் சேர்த்து வைத்த பழைய கார்கள் கண்டெடுக்கப்பட்டன. அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் வாங்கியவை. தொழில் நொடித்ததால் அவை கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் தூசி படிந்து கிடந்த ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், 2015-இல் பாரிஸ் ஏலத்தில் 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலை போனது. தூசியைக்கூட முழுதாகத் துடைக்காமல் விற்றார்கள்.

நம் அம்பாஸிடருக்கு அந்த விலை வராது. அந்தக் கனவும் வேண்டாம். ஆனால் அதே நிகழ்வு இன்னொன்றையும் காட்டுகிறது. அந்தத் தொகுப்பின் பல வண்டிகள் மழையிலும் ஈரத்திலும் கிடந்து கூடாகிப் போயிருந்தன. 'அப்படியே விட்டுவிடுவது' பாதுகாத்தல் ஆகாது. தார்ப்பாய்க்குள் ஈரம் தங்கி வண்டி உள்ளிருந்து அரிக்கப்படுவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

எதில் கை வைக்க வேண்டும், எதில் கூடாது?

கண்ணுக்குத் தெரிவது வேறு, உயிரைக் காப்பது வேறு என்று பிரித்துக்கொண்டால் முடிவு எளிதாகும்.

பிரேக், டயர், ஸ்டீயரிங் இணைப்புகள், மின்வயர்கள், பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றில் பழமையைப் போற்ற இடமில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரில் பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் வயதாகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்தாண்டு கடந்த டயரில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. இப்போது பங்க்குகளில் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் வாஷர்களையும் அது அரிக்கக்கூடும் என்பதால், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிவிடுவது நல்லது.

துருவும் அப்படித்தான். மேல் தகட்டில் லேசாகப் படிந்த துருவைத் துடைத்து எண்ணெய்ப் பூச்சால் நிறுத்திவிடலாம். ஆனால் அம்பாஸிடர் போன்ற வண்டிகளில் உடல் கூடே பாரம் தாங்குகிறது. தரைத் தகடும் பக்கவாட்டு அடித்தளமும் அரித்துவிட்டால் அதை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும். துருவின் மேல் பட்டி பூசி மறைப்பது ஏமாற்று வேலை. ஒரே மழைக்காலத்தில் வெளிப்பட்டுவிடும்.

மற்றவற்றில் பொறுமை தேவை. மங்கிய பெயிண்ட், கைபட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங், சற்றே கிழிந்த சீட், டேஷ்போர்டில் வாப்பா ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவற்றை மாற்றும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகன் தாயை மகிழ்விக்க எண்ணி, மறைந்த தந்தையின் ஃபியட்டை முழுதாகப் புதுப்பித்துக் கொண்டுவந்தார். பெருந்தொகை செலவு. அந்தத் தாய் வண்டியில் ஏறி அமர்ந்து கேட்ட முதல் கேள்வி, "அவங்க பிடிச்ச ஸ்டீயரிங் எங்கே?" என்பதுதான். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. மகனின் எண்ணத்தில் குறையில்லை. கேட்காமல் செய்ததுதான் குறை.

ஆகவே வண்டியை ஷெட்டுக்கு அனுப்பும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

- உள்ளும் புறமும், என்ஜின் பகுதியும் தெரியும்படி நிறையப் படங்கள் எடுத்து வையுங்கள்.
- செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கொடுங்கள். "நல்லா பண்ணிடுங்க" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.
- கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். இன்று குப்பை எனத் தெரிவது நாளை கிடைக்காது.
- முதலில் ஓடவும் நிற்கவும் செய்யுங்கள். அழகு வேலையை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அதன் தேவையே இல்லை என்று தோன்றிவிடும்.

முழுதாகப் புதுப்பிப்பது தவறு என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நாலைந்து முறை பெயிண்ட் மாறி, அசல் எதுவும் மிஞ்சாத வண்டியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் அரித்துப்போன வண்டிக்கும் வேறு வழியில்லை.

ஓட்டாத வண்டி கெடும்

லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு பயணம் நடக்கிறது. 1905-க்கு முன் செய்த வண்டிகளே அதில் பங்கேற்கலாம். நூற்றிருபது ஆண்டு கண்ட இயந்திரங்கள் இன்றும் குளிரில் முனகிக்கொண்டு சாலையில் ஓடுகின்றன. ஓடுவதால்தான் அவை உயிரோடு இருக்கின்றன. நிற்கும் வண்டியில் ஆயில் வடிந்து உலோகம் காய்கிறது, சீல்கள் சுருங்குகின்றன, கார்புரேட்டரில் பெட்ரோல் கசடாகிறது, பிரேக் இறுகிக்கொள்கிறது. மாதம் இருமுறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் பயன் குறைவு.

பழைய காரை ஓட்டுவதில் தனி இன்பம் உண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் சாலையின் மேடுபள்ளம் கைக்குத் தெரியும். கியர் மாற்றும்போது என்ஜின் சத்தத்தைக் கேட்டு மாற்ற வேண்டும். பல வண்டிகளில் முழுதாக நின்ற பிறகே முதல் கியர் விழும். டிரம் பிரேக் உடனே பிடிக்காது. மலையிறக்கத்தில் சூடேறினால் இன்னும் மந்தமாகும். அதனால் கீழ் கியரில் இறங்க வேண்டும், முன் வண்டிக்கு இரு மடங்கு இடைவெளி விட வேண்டும். அவசரப்பட முடியாத வாகனம் அது. அதிகாலையில், வெறிச்சோடிய சாலையில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிக்கொண்டு போவதற்கு ஏற்றது. சீட் பெல்ட் இல்லாத வண்டியில் சிறு குழந்தையை முன்னால் மடியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதற்கு ஏற்றதல்ல.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 2021-இல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் அடங்கும். சேசிஸ், உடல் கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அவ்விதிகள் கட்டணம் வைத்தன. பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, பழைய அம்பாஸிடரில் வேறு டீசல் என்ஜின் மாட்டும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருந்தது. அப்படி மாற்றினால் இந்தத் தகுதி கிடைப்பது கடினம். இரண்டு, இவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம்; அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. குடும்பத்தோடு அவ்வப்போது ஓட்ட விரும்புபவர், 15 ஆண்டு கடந்த வண்டிக்கான வழக்கமான தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பிப்புமே தமக்குப் பொருந்துமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யட்டும்.

யாருடைய வண்டி?

கடைசியாக, நம் குடும்பங்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று. வாப்பா மறைந்ததும் அந்த வண்டி வாரிசுச் சொத்தாகிவிடுகிறது. கடனும் வஸிய்யத்தும் போக, தாய்க்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் அதில் பங்குண்டு. சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் உரிமையாளர் அல்லர். விற்பதோ, பெருஞ்செலவில் புதுப்பிப்பதோ எல்லோரும் கலந்து பேசிச் செய்ய வேண்டியவை. ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால் நியாயமான விலை மதித்து மற்றவர் பங்கைக் கொடுத்துவிடலாம். ஆர்.சி.யில் பெயர் மாற்ற, இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் காருக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கும் நோக்கில் வாங்கிய பழைய கார்கள் வியாபாரப் பொருளாகிவிடும். அவற்றின் சந்தை விலைக்கு ஜகாத் கணக்கிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் படிப்புக் கட்டணம் பாக்கி இருக்கும்போது குரோமிய பம்பருக்குக் கடன் வாங்குவது வீண்விரயம் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. வசதியுள்ளவர் கூட, ஊர் பார்க்கச் செய்கிறோமா, உறவின் நினைவுக்காகச் செய்கிறோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். நினைவுக்காக என்றால் புதிய பிரேக்கும் நல்ல டயரும் சுத்தமான கார்புரேட்டரும் பெரும்பாலும் போதும். தேய்ந்த அந்த ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை.

இந்த வாரம் தார்ப்பாயை விலக்கி, வண்டிக்குக் கொஞ்சம் காற்றாட விடுங்கள். சகோதர சகோதரிகளை அழைத்து, தாயாரையும் உட்கார வைத்து, ஒருமுறை பேசி முடிவெடுங்கள். மெக்கானிக்கை அதன் பிறகு கூப்பிடலாம்.