சந்தனத்துக்கு யார் வாரிசு?

பிரான்சில் வாசனை ஒரு குடும்பச் சொத்து. அது பிறந்த சாமராஜநகர் காடுகளிலோ மரம் அரசாங்கச் சொத்து.

பிரெஞ்சு சென்ட் உலகில் சந்தனத்துக்கு இன்னொரு பெயர் மைசூர். பாரிஸின் செர்ஜ் லூட்டன்ஸ் தன் சென்ட் ஒன்றுக்கு 'சாந்தால் த மைசூர்' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த காடுகளில் கணிசமான பகுதி இன்றைய சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. பிளிகிரிரங்கன் மலை, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் என்று தமிழக எல்லையை ஒட்டி விரியும் காடுகள் இவை. 1997இல்தான் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கொள்ளேகால் வட்டமோ 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்தக் காட்டு மரத்தின் எண்ணெயை நம்பிப் பிழைத்தவை பிரான்சின் குடும்ப நிறுவனங்கள். அவற்றில் பெரிய பெயர் கெர்லான். 1828இல் பாரிஸில் தொடங்கியது. எமே கெர்லான் 1889இல் 'ஜிக்கி'யை உருவாக்கினார். ஜாக் கெர்லான் 1925இல் மொகலாயர் தோட்டத்தின் பெயரால் 'ஷாலிமார்' தந்தார். அவரது பேரன் ஜான் பால் கெர்லான் 1989இல் வெளியிட்ட 'சம்சாரா'வின் உயிரே சந்தனமும் மல்லிகையும்தான். நான்கு தலைமுறை சென்ட் கலைஞர்கள். சொத்தாகக் கைமாறியது கலவைக் குறிப்பும் மூக்கின் பயிற்சியும்.

1994இல் கெர்லான், எல்.வி.எம்.எச். என்ற பெரும் குழுமத்தின் கைக்குப் போனது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அந்தப் பரம்பரையின் பெண் ஒருவர் தனிக்கடை போட்டிருந்தார். பெயர் பத்ரீசியா த நிக்கொலாய். பிரெஞ்சு சென்ட் கலைஞர் சங்கம் இளம் கலைஞர்களுக்குத் தரும் பரிசை 1988இல் வென்ற முதல் பெண் இவர். அடுத்த ஆண்டே கணவர் ஜான் லூயி மிஷோவுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். குழுமங்களின் பாணி வேறு: சினிமா நட்சத்திரம், கோடிகளில் விளம்பரம், கலவையை யாரோ ஒருவர் கூலிக்குச் செய்து தருவார். நிக்கொலாய் பாணியில் கலவை செய்பவரே முதலாளி. செலவு பாட்டிலின் உள்ளே இருப்பதற்குத்தான். 2008இல் அவர் வெர்சாய் நகரின் 'ஒஸ்மோதெக்' என்ற சென்ட் காப்பகத்துக்குத் தலைவரானார். மறைந்துபோன பழைய சென்ட்டுகளை மூலக் குறிப்புப்படி மீண்டும் செய்து பாதுகாக்கும் இடம் அது.

இப்படிப்பட்டவர்கள் சந்தனத்தை விடாமல் துரத்தக் காரணம் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு வாசம் சில நிமிடங்களில் பறந்துவிடும். சந்தன எண்ணெயில் உள்ள சாந்தலால் மெதுவாகவே ஆவியாகும். தான் தங்குவதோடு மற்ற வாசனைகளையும் தோலில் பிடித்து நிறுத்தும். மரத்தின் வெளிறில் மணம் கிடையாது. வைரம் பாய்ந்த நடுப்பகுதியிலும் வேரிலும்தான் எண்ணெய். நூறு கிலோ வைரக்கட்டையைத் தூளாக்கி நீராவியில் வடித்தால் நான்கிலிருந்து ஆறு கிலோ எண்ணெய் கிடைத்தால் பெரிது.

ராஜ மரம்

வாசனைக்கு அங்கே வாரிசு இருந்தது. மரத்துக்கு இங்கே இல்லை. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை 'ராஜ மரம்' என்று அறிவித்தார். திப்பு போனார், உடையார்கள் வந்தார்கள், குடியரசும் வந்தது. மரம் மட்டும் சர்க்காரை விட்டு நகரவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கட்டை அனுப்பும் வழி அடைபட, மைசூர் சமஸ்தானம் 1916இல் தானே எண்ணெய் வடிக்க இறங்கியது. 1918இல் மைசூர் சாண்டல் சோப்பும் வந்தது. வருமானம் கஜானாவுக்கு. சொந்த நிலத்தில் தானாக முளைத்த கன்றுகூட விவசாயிக்குச் சொந்தமில்லை. மரம் காணாமல் போனால் விசாரணை மட்டும் அவர் வாசலுக்கு வரும். விளைவு, கன்று தலைகாட்டியதுமே பிடுங்கி எறிவது புத்திசாலித்தனமாயிற்று.

காக்க ஆளில்லாத மரத்தைக் கடத்த ஆள் வந்தது. கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன் தந்தத்திலிருந்து சந்தனத்துக்கு வந்தான். 1991 நவம்பரில் வன அதிகாரி ஸ்ரீனிவாஸ் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். அவனைத் தேடி வந்த இரு மாநில அதிரடிப்படைகள் மலைக் கிராம மக்களையும் விடவில்லை. சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் தரச் சொன்னது. இரண்டு தரப்புக்கும் நடுவில் சிக்கிய சோளகர்களுக்கு, பாரிஸில் மணக்கும் மரத்தால் கிடைத்த பங்கு இதுதான்.

2004 அக்டோபர் 18இல் வீரப்பன் கதை முடிந்தது. அதற்குள் காட்டில் நல்ல மரங்கள் அரிதாகிவிட்டன. எஞ்சியவற்றைக் கடத்தலோடு ஸ்பைக் நோயும் தின்றது. இலைகள் சிறுத்து, கிளை முள்முள்ளாக நின்று மரம் பட்டுப்போகும் இந்த நோய் 1899இல் பக்கத்துக் குடகில் முதலில் பதிவானது. இன்றுவரை மருந்தில்லை. 1998இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

பிரெஞ்சுக்காரர்கள் காத்திருக்கவில்லை. 'சம்சாரா'விலேயே இயற்கை எண்ணெயோடு 'பாலிசாண்டால்' என்ற செயற்கைப் பொருளும் கலந்திருந்தது. பின்னர் 'ஜவனால்' போன்றவை வந்தன. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் வேறொரு சந்தன இனம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் நம் ஊர் இனத்தையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். மைசூர் என்ற பெயர் சென்ட் உலகில் நின்றது. மரம் இடம் மாறியது.

தாமதமாக வந்த உரிமை

கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தின. பட்டா நிலத்துச் சந்தனம் இப்போது வளர்ப்பவருக்கே சொந்தம். வெட்டவும் கொண்டுபோகவும் மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும். மரம் வளர்ப்பது லேசில்லை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சிப் பிழைப்பது. துவரை, சவுக்கு என்று ஏதாவது துணை வேண்டும். வைரம் பாய்வதற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகள். நல்ல எண்ணெய்க்கு முப்பது. மணம் ஏறிய மரத்துக்குத் திருடன் முதலில் வருவான் என்பதால் கம்பி வேலி, நாய், கேமரா, இரவுக் காவல் என்று செலவு கூடுகிறது.

திருத்தம் வந்தவுடன் நட்டவர்களின் மரங்களுக்கு இப்போதுதான் இருபது வயது தாண்டியிருக்கிறது. நட்டவர் முதுமையை எட்டும்போது அறுவடை பிள்ளைகளுக்குப் போகும். கெர்லான் வீட்டில் குறிப்புப் புத்தகம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது போல, சாமராஜநகரின் தோட்டங்களில் ஒரு சந்தன மரம் முதன்முறையாகச் சட்டப்படி மகனுக்கோ மகளுக்கோ போகப்போகிறது. அதுவரை வேலியைக் காப்பாற்ற வேண்டும்.