மணத்துக்கு முன் ஓர் ஒப்பந்தம்: கையெழுத்திடலாமா?

புது தில்லி: சொத்து, ஜீவனாம்சம் குறித்துத் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் செய்துகொள்வது மேல்நாட்டு நாகரிகம் என்றே பலரும் கருதுகின்றனர். சித்தூர், திருப்பதி மாவட்டங்களை உள்ளடக்கிய ராயலசீமைக்கு அது புதிதல்ல.

ரெட்டி, கம்மா குடும்பங்களில் மருமகனை வீட்டோடு வைத்துக்கொள்ளும் 'இல்லரிகம்' என்ற வழக்கம் இருந்தது. மாமனார் நிலத்தில் உழைப்பவருக்குச் சொத்தில் பங்கு என்று மணத்தின்போதே உடன்பாடு செய்வர். அதனை 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது.

மாறாக, மனைவியுடன் மாமியார் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது எனக் கணவரைக் கட்டுப்படுத்திய ஒப்பந்தம் செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901-இல் தீர்ப்பளித்தது.

இன்றைய நிலையும் ஏறத்தாழ அதுவே. பொதுநலக் கொள்கைக்கு முரணான உடன்பாடு, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி செல்லாது. ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று மணமகள் எழுதிக் கொடுத்தாலும் அவரது உரிமை போய்விடாது.

நாடாளுமன்றமும் இதில் தெளிவு தரவில்லை. விவாகரத்தின்போது கணவரின் சொத்தில் மனைவிக்குப் பங்களிக்க வகைசெய்த மசோதா, 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும், 2014-இல் மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது.

எனவே, கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பத்திரம் உரிமையைத் தருகிறதா, பறிக்கிறதா?

சட்டமே கேட்கும் கையெழுத்து ஒன்று உண்டு. திருமணப் பரிசுப் பொருள்களின் பட்டியலில் மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகள். திருமலையில் மணம் முடிக்கச் செல்வோர் முதலில் எழுத வேண்டியது அந்தப் பட்டியலே.