ஆற்றுக்கு வடக்கே

சீனாவை வடக்கு, தெற்கு என்று பிரிப்பது ஹுவாய் ஆறு. 1950களில் அந்த ஆற்றையும் அதற்கு மேற்கே நீளும் சின்லிங் மலைத்தொடரையும் வைத்து அரசு ஓர் எல்லை வகுத்தது. எல்லைக்கு வடக்கே உள்ள நகரங்களுக்குக் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கித் தருவது அரசின் பொறுப்பு. கொதிகலன்களுக்கு வேண்டிய நிலக்கரி அன்று இலவசம், அல்லது அதற்குப் பக்கத்து விலை. தெற்கே இருந்தவர்கள் கம்பளியை நம்ப வேண்டியதுதான். நாடு முழுவதையும் சூடாக்க அன்றைய சீனாவிடம் பணம் இல்லை. வடக்கத்தியரைப் பார்த்துப் பொறாமைப்படத் தெற்கில் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அந்தச் சூட்டின் விலை பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. ஆற்றின் இரு புறத்தையும் ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வடபுறத்துக் காற்றில் பி.எம். 10 எனப்படும் மாசுத் துகள்கள் 46 விழுக்காடு அதிகம் என்றது. ஆயுளோ 3.1 ஆண்டு குறைவு. வடபுறத்து மக்களை முன்னதாகக் கொண்டுபோனவை பெரும்பாலும் இதய நோயும் நுரையீரல் நோயும். குடும்பப் பதிவு முறையின் கட்டுப்பாட்டால் ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறுவது எளிதாக இல்லாத காலம் அது. பிறந்த ஊரின் காற்றையே கடைசிவரை சுவாசித்தார்கள். ஆய்வாளர்களுக்கு ஒப்பீடு துல்லியமாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆயுளைக் குறைத்தது மக்கள் நலனுக்கென்றே ஒதுக்கிய பணம் என்பதுதான் இதில் உறுத்துகிறது.

எல்லைக்கு வடக்கே உள்ள பெய்ஜிங்கில், 2013 ஜனவரியில், அமெரிக்கத் தூதரகத்தின் காற்றுத் தர மானி 755 காட்டியது. அந்த அளவுகோலே 500உடன் முடிந்துவிடும். அந்த ஆண்டு நகரின் காற்றில் இன்னும் நுண்ணிய பி.எம். 2.5 துகள்களின் சராசரி அளவு கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம், கடும் மாசு நாட்கள் 58. செப்டம்பரில் அரசு செயல்திட்டம் அறிவித்தது. அடுத்த மார்ச்சில் அன்றைய பிரதமர் லி கெச்சியாங் மாசின் மீது போர் தொடுப்பதாகச் சொன்னார். பேச்சோடு நிற்கவில்லை, பணமும் வந்தது. நகரின் கடைசிப் பெரிய அனல் மின்நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எரித்த பெய்ஜிங், இன்று 10 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. 2024இல் பி.எம். 2.5 சராசரி 30.5, கடும் மாசு நாட்கள் 2. நாடு முழுவதும் ஏற்பட்ட முன்னேற்றம் நிலைத்தால் சீனர் ஒருவரின் சராசரி ஆயுளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடும் என்பது சிகாகோ பல்கலைக்கழகத்தாரின் மதிப்பீடு.

பி.எம். 2.5க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5தான். ஆனாலும் பதினோர் ஆண்டில் இவ்வளவு இறங்கியது சிறிய காரியமல்ல.

இந்தக் கணக்கில் செலவுப் பக்கமும் உண்டு. பெய்ஜிங்கைச் சூழ்ந்த ஹெபெய் மாகாணத்துக் கிராமங்களில் துளைபோட்ட நிலக்கரிக் கட்டிகளை எரிக்கும் அடுப்புகள்தான் குளிருக்குத் துணையாக இருந்தன. 2017இல் பல ஊர்களில் அடுப்பை முதலில் அகற்றிவிட்டார்கள். எரிவாயுக் குழாய் பிறகு வருவதாக ஏற்பாடு. குளிர் முந்திக்கொண்டது. ச்சூயாங் வட்டத்துப் பள்ளி ஒன்றில் வகுப்பறையைவிட வெளியே கதகதப்பாக இருந்ததால் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். செய்தி பரவியதும், வாயு வராத இடங்களில் நிலக்கரியே எரிக்கலாம் என்று டிசம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் இறங்கி வந்தது.

குழாய் இப்போது பெரும்பாலான ஊர்களுக்கு வந்துவிட்டது. ஆனால் வாயு நிலக்கரியைவிட விலை கூடியது, தொடக்கத்தில் தாராளமாகக் கிடைத்த மானியமும் பல இடங்களில் சுருங்கிவிட்டது. சொற்ப ஓய்வூதியத்தில் வாழும் கிராமத்து முதியவர்கள் வாயுவைத் திறக்கவே தயங்கி, வீட்டுக்குள்ளும் தடித்த உடுப்போடு இருக்கிறார்கள். அன்று நகரத்துக்குச் சூடு கொடுக்க அரசு செலவழித்தது. இன்று நகரத்துக்குக் காற்றைக் கொடுக்கும் செலவில் ஒரு பங்கு இவர்களுடைய கட்டண ரசீதில் ஏறியிருக்கிறது.